ஐம்பது தோட்டா, ஒரு கம்பளி

ஜெயிச்ச சண்டைகளைப் பற்றி நமக்கு நல்லாவே தெரியும். கார்கில் பற்றி சினிமா பார்த்திருப்பீங்க. 1971 பற்றி ஆகஸ்ட் 15 வந்தா வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒன்று வந்து விழும். ஆனால் தோற்ற சண்டையைப் பற்றி, அதிலே எதிரியிடம் கைதியாகப் போன அதிகாரியே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதின புத்தகம் ஒன்று இருக்கு. அதை எழுதினவர் பிரிகேடியர் ஜான் பரசுராம் தல்வி. புத்தகத்தின் பெயர் ஹிமாலயன் ப்ளண்டர். 1969-ல் வந்தது. இந்த இதழில் அவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

பெயரைப் பார்த்ததும் எந்த ஊர்க்காரர்னு குழப்பம் வரும். தல்வி 1920 ஜூலை 3 அன்று ஈராக்கில் உள்ள பாஸ்ராவில் பிறந்தவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் நிர்வாகத்தில் வேலையில் இருந்தார். படிப்பெல்லாம் பம்பாய். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் படிச்சிட்டிருந்தபோது இரண்டாம் உலகப்போர். நம்ம வயசில் அவர் டேராடூன் ராணுவ அகாடமியில் இருந்தார். 1941-ல் பலூச் ரெஜிமெண்ட்டில் அதிகாரி ஆனார். பர்மாவில் ஜப்பானியர்களோடு சண்டை. அங்கே தளபதி ஸ்லிம் தலைமையில் இருந்த படை முதலில் அடி வாங்கிப் பின்வாங்கி, பிறகு பொறுமையாகத் தன்னைத் தயார் பண்ணிக்கொண்டு திரும்பி வந்து ஜெயிச்ச படை. சாப்பாடு, மருந்து, ரோடு, விமானத்தில் சரக்கு, இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சிப்பாய் சண்டை போடுவான் என்பதை அந்தப் படையில் இருந்த ஒவ்வொருவரும் உடம்பால் கற்றுக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பிரிவினையில் பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. தல்வி இந்தியாவில் கூர்க்கா படைப்பிரிவுக்கு மாறினார், பிறகு கார்ட்ஸ் படைப்பிரிவின் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை. அப்புறம் லடாக்கைப் பார்த்துக்கொண்ட 15-ஆவது கோரில் நிர்வாகப் பொறுப்பு. நிர்வாகம்னா ஃபைல் தள்ளுறது இல்ல. எத்தனை டன் அரிசி, எத்தனை ஜோடி பூட்ஸ், எத்தனை லாரி, எந்த உயரத்துக்கு எத்தனை நாளில் போகும், இந்தக் கணக்கு. மெக்கானிக்கல் பசங்களுக்கும் சிவில் பசங்களுக்கும் சொல்லணும்னா, சுத்தமான லாஜிஸ்டிக்ஸ் வேலை. அந்தக் கணக்கைத் தலையில் வைத்திருந்த ஆளைத்தான் 1962 தொடக்கத்தில் நேஃபாவுக்கு, அதாவது இன்றைய அருணாச்சலப் பிரதேசத்துக்கு, 7-ஆவது காலாட்படை பிரிகேடின் தலைவராக அனுப்பினார்கள். தலைமையகம் தவாங்.

இப்ப இடத்தைக் கொஞ்சம் மனசில் வரைஞ்சுக்கணும். தவாங்குக்கு மேற்கே, பூடான் எல்லையை ஒட்டி நாம்கா சூ என்று ஒரு ஆறு. அதற்கு வடக்கே தாக்லா என்ற மலைமுகடு. 1914-ல் சிம்லாவில் மக்மஹோன் ஒரு தடித்த பேனாக்கோட்டால் எல்லை போட்டார். வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கோடு தாக்லாவுக்குத் தெற்கே விழுகிறது. நீர்பிரி முகடுதான் எல்லை என்ற கொள்கைப்படி பார்த்தால் தாக்லா மேலே போகணும் என்பது இந்தியாவின் வாதம். சீனா ஒத்துக்கொள்ளவில்லை. 1962 ஜூனில் இந்தியா அந்த ஆற்றங்கரையில் ஒரு சின்னக் காவல்சாவடி போட்டது. தோலா சாவடி என்று பெயர். அந்தப் பெயர்கூட சரியில்லை. தோலா கணவாய் கொஞ்சம் தெற்கே இருக்கு, சாவடி இருந்த இடத்தின் உண்மைப் பெயர் சே டோங்.

செப்டம்பர் 8 அன்று சீனப்படை தாக்லாவைத் தாண்டி இறங்கி வந்து சாவடிக்கு மேலே நின்றுகொண்டது. டெல்லியில் முடிவு எடுத்தார்கள்: சீனர்களை தாக்லாவுக்கு அந்தப் பக்கம் விரட்ட வேண்டும். முடிவு எடுத்தவர்கள் யாரும் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. வேலை 7-ஆவது பிரிகேடுக்கு, அதாவது தல்விக்கு.

இங்கிருந்துதான் புத்தகம் சூடு பிடிக்கும். தல்வி உணர்ச்சியில் கொதிப்பதைவிட எண்ணிக் காட்டும்போதுதான் பயமாக இருக்கும். சிப்பாய்க்கு ஒரு ஆளுக்கு ஐம்பது தோட்டா. பழைய 303 ரைஃபிள். ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டை இழுக்கணும். எதிரே தானியங்கித் துப்பாக்கி. பத்தாயிரம் அடிக்கு மேல், அக்டோபர் குளிரில், கோடைக்கான பருத்தி யூனிஃபார்ம். ஒரு கம்பளி. காலில் பலருக்கு கேன்வாஸ் ஷூ. மரம் வெட்டவும் பதுங்குகுழி தோண்டவும் போதிய கருவி இல்லை. பீரங்கி என்று சாங்தர் மேட்டில் பயன்படும் நிலையில் இருந்தவை இரண்டே இரண்டு. ரோடு தவாங்கோடு சரி. அங்கிருந்து நடை, ஹதுங்லா கணவாய் பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல், அதைவிட உயரமான இன்னொரு வழி கர்போலா, பதினாறாயிரம் அடி.

சரி, விமானத்தில் போடலாமே என்பீங்க. போட்டார்கள். டகோட்டாவும் பேக்கெட் விமானமும் சாங்தர் மேட்டில் சரக்கு வீசின. சின்ன மேடு, சுற்றி செங்குத்துச் சரிவு, பாதி நாள் மேகம். வீசினதில் பெரும்பகுதி பள்ளத்தில் உருண்டு போனது. கிடைத்ததையும் எடுத்துக்கொண்டு வர ஆள் வேண்டும். அந்த ஆள் முன்வரிசையில் நிற்க வேண்டிய சிப்பாய். அவன் சரக்குத் தூக்கினால் சண்டைக்கு ஆள் இல்லை, சண்டைக்கு நின்றால் சாப்பாடு இல்லை. நம்ம சிலபஸில் ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாதுன்னு நிரூபிக்கச் சொல்வாங்க இல்லையா, அந்த மாதிரி.

எங்க ஊர் நல்லூர், விருத்தாசலம் பக்கம். பீங்கான் ஊர்னு எல்லாருக்கும் தெரியும். சூளையிலிருந்து வந்த பீங்கானை எங்க பக்கத்து ஆட்கள் விரலால் சுண்டிப் பார்ப்பாங்க. மேல்பூச்சு பளபளன்னு இருக்கும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் காட்டிக்கொடுத்திடும். தல்வி இந்தப் பக்கங்களில் செய்வது அந்த வேலைதான். டெல்லியிலிருந்து வந்த ஒவ்வொரு உத்தரவையும் எடுத்து, கம்பளியாலும் தோட்டாவாலும் சுண்டிப் பார்க்கிறார்.

தல்வியின் கணக்கு மேலே போனதா? போனது. பிரிகேடிலிருந்து டிவிஷனுக்கு, அங்கே மேஜர் ஜெனரல் நிரஞ்சன் பிரசாத். அவர் ஒத்துக்கொண்டார். அங்கிருந்து கோர், அங்கே உம்ராவ் சிங். அவரும் இது நடக்காது என்று எழுதினார். அதற்கு மேலே போகப் போக அந்த இல்லை கரைந்துகொண்டே போய், உச்சியில் ஆகட்டும் என்று மாறிவிட்டது. உம்ராவ் சிங்கிடமிருந்து அந்தப் பகுதியை எடுத்து, அக்டோபர் 4 அன்று புதிதாக 4-ஆவது கோர் என்று உருவாக்கி, லெப்டினன்ட் ஜெனரல் பி.எம்.கௌல் கையில் கொடுத்தார்கள். கௌல் நேருவுக்கும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் நெருக்கமானவர். பெரிய படையைச் சண்டையில் நடத்திய அனுபவம் இல்லாதவர்.

நேர்மையாகச் சொல்லணும், கௌல் கோழை கிடையாது. அந்த உயரத்தில், உடம்பு சரியில்லாமல், நேரடியாக நாம்கா சூவுக்கே வந்தார். வந்த பிரச்சினை என்னன்னா, வந்த கையோடு இரண்டு பட்டாலியனை ஆற்றங்கரைக்கு இறக்கிவிட்டார். கரையில் நின்றால் மேலே இருப்பவன் உன் டீக்கிளாஸைக்கூட எண்ணலாம். தல்வி தன் ஆட்களைப் பின்னால் உயரத்தில் வைக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்.

அக்டோபர் 10. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன், ஏன்னா தல்வியின் நேர்மையை நான் அளந்தது இந்த ஒரு நாளை வைத்துத்தான்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் செங் ஜோங் என்ற இடத்தில் 9 பஞ்சாப் பட்டாலியனின் சின்னக் குழு ஒன்று நின்றது. விடிகாலையில் சீனர்கள் பல நூறு பேராக அவர்கள் மேல் இறங்கினார்கள். பஞ்சாபிகள் முதல் அலையைத் தடுத்துவிட்டார்கள். அடுத்தது வருவதற்குள், ஆற்றங்கரையிலிருந்து மோட்டாரும் மெஷின்கன்னும் சுட்டு உதவணும் என்று கேட்டார்கள். கேட்டது தல்வியிடம். அவர் மறுத்தார். காரணம், அதே நேரத்தில் ராஜ்புத் பட்டாலியன் திறந்த வெளியில், நடந்துகொண்டிருக்கிறது. கரையிலிருந்து சுட ஆரம்பித்தால் சண்டை முழு ஆற்றுக்கும் பரவும், ராஜ்புத்துகள் அப்படியே மாட்டிக்கொள்வார்கள். கையில் இருக்கும் குண்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆகவே ஆற்றுக்கு அந்தப்பக்கம் தன் ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு, சுடாமல் இருக்கச் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. இதை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். ஏழு வருஷம் கழிச்சு எழுதுறார், குறை சொல்ல மேலே பெரிய பெரிய தலைகள் இருக்கு, தன்னை நல்லவனாக மட்டும் காட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவைத் தன் பெயரிலேயே பதிவு பண்ணியிருக்கிறார்.

அதே நாளைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. உயிர் தப்பிய பஞ்சாபிகள் பின்வாங்கி ஆற்றைத் தாண்டும்போது சீனர்கள் சுடவில்லை. விட்டுவிட்டார்கள். இறந்த இந்தியச் சிப்பாய்களை, நம்ம ஆட்கள் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். 1969-ல் சீனாவின் மேல் நாட்டில் எவ்வளவு கோபம் இருந்திருக்கும்! அந்தக் காலத்தில், அவர்களிடமே அடிபட்ட ஒருவர் இதையும் சேர்த்து எழுதுகிறார்.

கௌல் அந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்தார். நிலைமையின் தீவிரம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே டெல்லிக்குக் கிளம்பினார். மறுநாள் பிரதமர் வீட்டில் கூட்டம். தாக்குதல் திட்டம் ஓரம்போனது. ஆனால் பிரிகேடைப் பின்னால் எடுக்கவும் சொல்லவில்லை, ஆற்றங்கரையிலேயே இருக்கணும். அக்டோபர் 12 அன்று கொழும்புக்குக் கிளம்பிய நேரு, நம் பகுதியை மீட்கச் சொல்லி ராணுவத்துக்கு உத்தரவு கொடுத்திருப்பதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். ஆற்றங்கரையில் ஒரு கம்பளியோடு நின்றவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீங்க. டீமில் ஒருத்தன் மாட்யூல் ஓடலைன்னு சொல்வான். டீம் லீடர் அதை ஓடுது, கொஞ்சம் பக் இருக்குன்னு சொல்வார். ரிவ்யூவில் அது தொண்ணூறு சதவீதம் முடிஞ்சதுன்னு ஆகிடும். நமக்கு அதனால் போறது இன்டர்னல் மார்க். அதே பழக்கம் பதினாலாயிரம் அடியில் என்ன செய்யும் என்பதற்கு அடுத்த பகுதி.

அக்டோபர் 17 அன்று தேஸ்பூரில் கிருஷ்ண மேனன், ராணுவத் தளபதி தாப்பர், கிழக்குப் பிராந்தியத் தளபதி சென், கௌல் எல்லாரும் கூடினார்கள். 18-ஆம் தேதி கௌல் உடம்பு முடியாமல் டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டார். படுக்கையிலிருந்தபடியே கோர் கட்டளைகள் வந்தன. 19-ஆம் தேதி எதிர்க்கரையில் சீனர்கள் குவிவதை நம்ம ஆட்கள் வெறும் கண்ணால் பார்க்கிறார்கள். தல்வி போனில் நிரஞ்சன் பிரசாத்தைப் பிடித்து, இடம் மாற அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. தன் ஆட்கள் கொல்லப்படுவதை நின்று பார்ப்பதைவிட ராஜினாமா செய்கிறேன் என்று சொன்னார்.

20-ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு ஷெல் விழ ஆரம்பித்தது. அதற்குள் ஆறு வற்றி, நடந்தே கடக்கிற அளவுக்கு வந்திருந்தது. சீனர்கள் இரவோடு இரவாகவே இடைவெளிகளில் கடந்து பின்னால் வந்துவிட்டார்கள். டெலிபோன் வயர்கள் அறுந்தன. பட்டாலியன்கள் ஒன்றுக்கொன்று பேச முடியவில்லை. 2 ராஜ்புத் பட்டாலியனில் அங்கே இருந்தது 513 பேர். அதில் 282 பேர் அன்று காலையில் செத்தார்கள். மீதியில் பெரும்பாலானோர் காயத்தோடோ காயமில்லாமலோ பிடிபட்டார்கள். காலை முடிவதற்குள் பிரிகேட் என்று ஒன்று இல்லை.

ஒன்றைக் கவனிங்க. அந்த ராஜ்புத்துகள் ஓடவில்லை. தோட்டா தீரும்வரை சுட்டார்கள். 1962 என்றாலே நம்ம படை ஓடிப்போனதாகப் பேசும் ஆட்களை நீங்களும் கேட்டிருப்பீங்க. அவர்களுக்கு அந்த 282 என்ற எண்ணே போதும்.

தல்வி தன் தலைமையகத்தை விட்டு, சாங்தர் பக்கம் போய் கூர்க்காக்களோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தார். அங்கேயும் சீனர்கள். சின்னக் குழுவோடு சாப்பாடில்லாமல் மலையில் ஏறத்தாழ இரண்டு நாள் அலைந்து, 22-ஆம் தேதி காலை ஒரு சீனக் குழுவிடம் நேருக்கு நேர் சிக்கினார். அந்தப் போரில் சிக்கிய மிக உயர்ந்த பதவி இந்திய அதிகாரி அவர்தான்.

பிறகு திபெத்தில் ஏழு மாதம், தனிச்சிறை. நவம்பர் 21 இரவு, காவலுக்கு இருந்த சீன மேஜர் அவரை எழுப்பி, நல்ல செய்தி என்று சந்தோஷமாகச் சொன்னார்: சண்டை முடிந்தது, சீனாவே போர் நிறுத்தம் அறிவித்துப் பின்வாங்குகிறது. அதற்குள் சேலா போயிருந்தது, பொம்டிலா போயிருந்தது. பொம்டிலாவில் நம்ம மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் முதல் பட்டாலியனும் இருந்தது. கைதிக்கு விடுதலை நெருங்குகிறது என்றால் மகிழ்ச்சி வரணும். தல்விக்கு வந்தது வெட்கம். தன் நாட்டுக்கு இப்படி ஆனதே என்ற வெட்கம். இந்தக் கதையை ஒருநாள் சொல்லியே தீருவேன் என்று அந்தக் குளிரில் முடிவு பண்ணிக்கொண்டார். புத்தகம் பிறந்தது அந்தச் சிறையில்தான் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

1963 மே மாதம் விடுதலை. கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் இறங்கினார்கள். வரவேற்பில் ஒழுங்கு இருந்தது, சூடு இல்லை. இவர்களின் மூளையைச் சீனர்கள் சலவை செய்துவிட்டார்களோ என்ற சந்தேகம். செய்யவில்லை என்று இவர்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. அனுப்பியவர்கள் மேல் தல்விக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அந்த ஓடுபாதையிலேயே உதிர்ந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

உலகத்தில் மனசு உடைஞ்ச சிப்பாய்கள் நிறைய எழுதியிருக்காங்க. முதல் உலகப்போரில் சீக்ஃப்ரீட் சசூன் என்ற ஆங்கில அதிகாரி, வீரப்பதக்கம் வாங்கினவர், 1917-ல் இந்தப் போர் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். அவருக்குப் போரின் நோக்கத்தின் மேலேயே நம்பிக்கை போனது. தல்வி அந்த ரகம் இல்லை. நாட்டைக் காக்கணும், ராணுவம் வேணும், இதில் கடைசிவரை அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்கு விட்டுப்போனது, மேலே இருப்பவர்களுக்கு உண்மை தெரிந்தால் சரியாக நடந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை. தெரிந்திருந்தது. ஆனாலும் அனுப்பினார்கள். இது எனக்கு சசூன் சொன்னதைவிடக் கசப்பாக இருக்கு.

தலைப்புகூட அந்தக் கசப்பில்தான். 1919 சத்தியாகிரகத்தில் மக்கள் தயாராகும் முன்பே இறங்கச் சொன்ன தன் பிழையை, இமயமலை அளவு தப்புக்கணக்கு என்று காந்தி ஒத்துக்கொண்டார். காந்தி அதைத் தானே, தன்னைப் பற்றிச் சொன்னார். 1962-க்குப் பொறுப்பானவர்களில் அப்படிச் சொல்ல யாரும் முன்வரவில்லை. கிருஷ்ண மேனன் பதவி விலகினார், தாப்பர் விலகினார், கௌல் விலகினார். ஆனால் கௌல் 1967-ல் தன் பக்கத்து நியாயத்தைத் தனிப் புத்தகமாகப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து தல்வியின் புத்தகம் வந்தது.

அதனால் தல்வி சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு நான் சொல்ல மாட்டேன். அவர் வழக்கில் ஒரு தரப்பு. நேரு 1964-லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல முடியாது. புத்தகத்தின் முற்பகுதியில் வரும் அரசியல் பாடம் நீளம். சில இடத்தில் கோபம் நியாயத்தை முந்திக்கொண்டு ஓடுது. டி.கே.பாலித் என்ற இன்னொரு ராணுவ அதிகாரி, 1962-ல் டெல்லித் தலைமையகத்தில் இருந்தவர், 1991-ல் எழுதின புத்தகத்தை அருகில் வைத்துப் படித்தால் அதே நாள்கள் வேறு கோணத்தில் தெரியும். நிரஞ்சன் பிரசாத்தும் 1981-ல் தவாங் வீழ்ச்சி பற்றி எழுதினார். மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

தல்வியையே நோக்கி ஒரு கேள்வியும் இருக்கு, அதை அவருக்காகத் தட்டிக்கழிக்க முடியாது. 19-ஆம் தேதி பேசின ராஜினாமாவை 9-ஆம் தேதியே பேசியிருந்தால்? அவர் போயிருந்தால் வேறொருவர் வந்திருப்பார், அதே கரையில் அதே ஆட்கள் நின்றிருப்பார்கள் என்பது ஒரு பதில். சண்டைக்கு முன்னால் விலகும் பிரிகேடியரை எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்பது இன்னொரு பதில். இரண்டும் உண்மை. இரண்டும் அந்த 282 குடும்பங்களுக்குப் போதாது. அவர் அந்தக் கேள்வியை எதிரே வைத்துக்கொண்டே எழுதினார் என்றுதான் எனக்குப் படுது; இல்லாவிட்டால் செங் ஜோங் பக்கங்களை எழுதியிருக்க முடியாது.

எங்க ஊர்ப் பக்கம் விடியற்காலையில் ரோட்டில் ஓடும் பசங்களைப் பார்ப்பேன். ஆர்மி செலக்‌ஷனுக்குத் தயாராகிறவங்க. நம்மைவிட இரண்டு மூணு வயசு சின்னவங்க. இந்தப் புத்தகத்தை அவங்ககிட்ட கொடுக்கலாமா, மனசு விட்டுடுவாங்களோன்னு என் ஃப்ரெண்ட் கேட்டான். கொடுக்கலாம்னுதான் சொன்னேன். தல்வி ஒரு இடத்திலும் சிப்பாயைக் குறைவாகப் பேசவில்லை. இந்தப் புத்தகத்தைப் படிச்சுத் தூக்கம் கெட வேண்டியவங்க வேற. அவங்க பெரும்பாலும் டிகிரி முடிச்சு ஏசி ரூமில் கையெழுத்துப் போடும் வேலைக்குப் போறவங்க. அதில் நம்ம பேட்ச்சும் சேர்த்தி.

அரசுக் கணக்குப்படி அந்த ஒரு மாதப் போரில் இறந்தவர்கள் 1,383 பேர், கைதியானவர்கள் 3,968 பேர். என்ன தப்பு நடந்தது என்று ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் 2014-ல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அவ்வளவுதான் நம் கையில். நாம்கா சூவில் தன் வீட்டுப் பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள நினைத்த ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் கிடைத்தது தல்வி மாதிரி ஓரிருவர் எழுதியதுதான்.

தல்வி 1974 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். 54 வயசு. அவர் மகன் மைக்கேல் தல்வி கிரிக்கெட் வீரர். எழுபதுகளில் ரஞ்சி டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடினவர். உங்க தாத்தா சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கிற ஆள்னா பெயரைச் சொல்லிப் பாருங்க, ஞாபகம் இருக்கலாம்.

கன்னடத்தில் ரவி பெளகெரே இந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்து, அங்கே அது பெரிய அளவில் படிக்கப்பட்டது. ஆங்கிலப் பதிப்பு இன்னும் கடையில் கிடைக்குது. தடி புத்தகம், செமஸ்டருக்கு நடுவில் முழுசா முடிக்கிறது கஷ்டம். முடியலன்னா முன்னுரையைப் படிச்சிட்டு நேரா 1962 செப்டம்பர் 8-க்குப் போயிடுங்க. பக்கத்தில் ஒரு மேப் திறந்து வெச்சுக்கோங்க. சாங்தர் எங்கே, ஆறு எங்கேன்னு தெரியாம படிச்சா அந்த உத்தரவுகள் எல்லாம் நியாயமாத்தான் தெரியும்.